தசை ஏறணும், கொழுப்பு இறங்கணும்: குமரி மேற்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், களியக்காவிளை பக்கத்து ஜிம்களில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். செல்போனில் கிடைக்கும் உணவுப் பட்டியல்கள் ஓட்ஸ், சால்மன், ப்ரோக்கோலி என்று போகின்றன. வீட்டிலோ சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சாளைக் குழம்பு (மத்தி மீன்), புட்டு, சிறுபயறு. இந்த அடுக்களையை வைத்தே வேலை நடக்கும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறோம். "வெந்தது" என்று சொல்லாத இடத்தில் எல்லா எடையும் சமைப்பதற்கு முந்தைய எடை.

அண்ணா, தசையும் ஏறணும், வயிறும் குறையணும். ரெண்டும் ஒண்ணா நடக்குமா?

மூன்று பேருக்கு நடக்கும்: எடை தூக்கப் புதிதாகத் தொடங்கியவர், விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர், உடலில் கொழுப்பு நிறைய இருப்பவர். செலவாவதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால், குறைகிற சக்தியை உடல் கொழுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வாரம் மூன்று நாலு நாள் எடை தூக்கி, புரதமும் போதிய அளவு கொடுத்தால் தசை கரையாது. புதியவர்களுக்கு வளரவும் செய்யும். ஏற்கெனவே சில வருடம் பயிற்சி செய்து ஒல்லியாக இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்து நடப்பது மிகவும் மெதுவு. அவர் சில மாதம் ஏற்றி, சில மாதம் இறக்கிப் போவதுதான் நல்லது.

எங்கே தொடங்குவது என்பதை இடுப்புச் சுற்றளவு சொல்லும். தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றி, மூச்சை இழுக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் முதலில் கொழுப்பைக் குறையுங்கள். அதற்குக் கீழே இருந்து கை கால் மெலிந்திருந்தால், கீழே "எவ்வளவு தின்னாலும் ஏறல்ல" என்ற கேள்விக்குப் போய்விடுங்கள்.

எனக்க உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி வேணும்னு எப்படிக் கண்டுபிடிக்க?

எடையை (கிலோ) 10ஆல் பெருக்குங்கள். உயரத்தை (செ.மீ.) 6.25ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். ஆண் என்றால் 5 கூட்டணும், பெண் என்றால் 161 கழிக்கணும். இது சும்மா படுத்திருந்தாலும் உடல் செலவழிக்கும் அளவு. கடை, அலுவலகம் என்று உட்கார்ந்த வேலையோடு வாரம் மூன்று நாள் ஜிம் என்றால் இதை 1.375ஆல் பெருக்குங்கள். கட்டட வேலை, ரப்பர் பால் வெட்டு, வள்ளத்தில் போகும் வேலை என்றால் 1.55 அல்லது அதற்கு மேல்.

28 வயது, 170 செ.மீ., 78 கிலோ உள்ள ஒரு கடைக்காரப் பையனை எடுத்துக்கொள்வோம். 780 + 1062 − 140 + 5 = ஏறக்குறைய 1,707. அதை 1.375ஆல் பெருக்கினால் சுமார் 2,350 கலோரி. கொழுப்பு குறைய இதில் 400 கழித்து 1,950 என்று தொடங்கலாம். ஒரு கிலோ கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரி என்பதால் மாதம் ஒன்றரை கிலோவுக்கு மேல் குறையும். ஆயிரம் கலோரி குறைத்துப் பறந்தால் தசையும் சேர்ந்து போகும். மூன்றாம் வாரம் பசி தாங்காமல் எல்லாம் தலைகீழாகும். சூத்திரம் தருவது தொடக்கப் புள்ளிதான். சரியான எண்ணை மூன்று வாரத்து எடைக் கணக்கு சொல்லும்.

புரதம் எவ்வளவு? ஒருத்தர் அம்பது போதும்ங்கிறார், இன்னொருத்தர் இருநூறுங்கிறார்.

அம்பது சொன்னவர், எடை தூக்காதவருக்கான கணக்கைச் சொல்கிறார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பொதுவான தேவை கிலோவுக்கு 0.83 கிராம். தசை கட்டுபவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வேண்டும். கலோரியைக் குறைக்கும் காலத்தில் 2 வரை போகலாம். 2.2க்கு மேல் போவதால் தசைக்கு எந்த லாபமும் இல்லை, காசுதான் வீண். நம் 78 கிலோ பையனுக்கு 125 கிராம். உடல் எடை மிக அதிகம் என்றால் இப்போதுள்ள எடையை விட்டு, எட்ட நினைக்கும் எடையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

மொத்தத்தையும் ராத்திரி ஒரே வேளையில் அடைக்காமல் மூன்று நாலு வேளையாக, வேளைக்கு 25 முதல் 40 கிராம் வரை பிரித்துச் சாப்பிடுவது நல்லது. நம் வீடுகளில் குறை வருவது காலைச் சாப்பாட்டில்தான். புட்டும் பழமும், ஆப்பமும் சீனியும், தோசையும் சட்னியும் எதை எடுத்தாலும் பத்து கிராம் தேறுவதே கஷ்டம்.

எதுல எவ்வளவு புரதம்? நம்ம ஊர் சாப்பாட்டுல சொல்லுங்க.

நூறு கிராமுக்குச் சொல்கிறோம். சூரை மீன் சதை 23, சாளை, அயிலை (கானாங்கெளுத்தி), நெத்திலி 18 முதல் 20, எலும்பில்லாக் கோழி நெஞ்சு 22, கொழுப்பு குறைந்த மாட்டெறச்சி 20 முதல் 22. முட்டை ஒன்றுக்கு 6. காய்ந்த சிறுபயறு 24, கொண்டைக்கடலை 19, நிலக்கடலை 25, மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டை 52. பாலும் தயிரும் மூன்றுக்குச் சற்று மேல். பனீர் 18. வெந்த சோறு இரண்டரை, மரச்சீனி ஒன்றரைகூட இல்லை.

இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். முதலாவது, காய்ந்த பயறின் எண்ணை வெந்த பயறுக்குப் போடுவது. 50 கிராம் பயறு வெந்தால் தண்ணீர் குடித்து 120, 130 கிராம் ஆகும். புரதம் அதே 12தான். இரண்டாவது, நிலக்கடலையைப் புரதம் என்று நம்பிக் கொறிப்பது. நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதத்தோடு 49 கிராம் கொழுப்பும் வரும், 567 கலோரி. எடை ஏற்றுபவருக்கு வரம், இறக்குபவருக்கு ஒரு கைப்பிடி போதும். 500 ரூபாய்க்குள் ஒரு கிச்சன் தராசு கிடைத்தால் முதல் இரண்டு மாதம் அதில் நிறுத்தே சாப்பிடுங்கள். அப்புறம் கண்ணே அளந்துவிடும்.

இதுல எது காசுக்குக் கட்டுப்படியாகும்?

விலை சந்தைக்குச் சந்தை மாறும், அதனால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிலோ சாளையில் தலை, குடல், செதிள் போனால் 600 கிராம் தேறும்; முள் கழித்துச் சுமார் 100 கிராம் புரதம். 30 முட்டை ஒரு தட்டு என்றால் 180 கிராம். ஒரு கிலோ சிறுபயறில் 240, ஒரு கிலோ மீல்மேக்கரில் 520. அன்றைய விலையை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு கிராம் புரதத்தின் விலை வரும். சாளை மலிந்து கிடக்கும் நாட்களில் கோழியும் புரதப் பவுடரும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 கூடவே இலவசமாக வருகிறது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சூரை, அயிலை, சாளை மூன்றும் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் கூடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, நாக்கு எரிவது அதனால்தான். செவுள் சிவந்து, கண் தெளிந்து, விரலால் அமுக்கினால் குழி விழாத மீனாகப் பார்த்து, ஐஸில் இருந்து எடுத்ததை வாங்கி, வீட்டுக்கு வந்தவுடன் குளிரில் வையுங்கள்.

மீன் பொரிச்சா புரதம் போயிருமா?

புரதம் போகாது, எண்ணெய் சேரும். கெட்டியாக மாவு புரட்டினால் இன்னும் கூடுதலாக இழுக்கும். பொரிப்பதற்கு முன்னும் பின்னும் எண்ணெயைச் சட்டியோடு நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் 9 கலோரி. மாவில்லாமல் மசாலா மட்டும் புரட்டி, தோசைக்கல்லில் இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வாட்டி எடுங்கள். வாழையிலையில் பொதிந்து சுட்டால் அதுவும் வேண்டாம். புளிமுளம் என்ற மீன் குழம்பு வைக்கும்போது தேங்காயைப் பாதியாக்கி, சின்ன உள்ளியைக் கூட்டினால் ருசி அதிகம் குறையாது.

கிழங்கு தின்னா தொப்பை விழும்ங்கிறாங்க. மரச்சீனியை விட்டே ஆகணுமா?

வேண்டாம். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனியைப் பரவலாகப் பயிரிட வைத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்து அரிசிப் பஞ்சத்தில் இந்தப் பக்கத்து வயிறுகளைத் தாங்கியதும் அதுதான். கிழங்கு கெட்ட சாப்பாடு அல்ல. தோல் சீவிய 100 கிராமில் 160 கலோரி, 38 கிராம் மாவுச்சத்து. ஜிம்முக்குப் போகும் முன் இது நல்ல எரிபொருள். தப்பு நடப்பது அளவில். வீட்டில் ஒரு தட்டு என்பது 400 கிராம், அதாவது 640 கலோரி. அதில் புரதம் ஐந்தாறு கிராம்தான். பக்கத்தில் இரண்டு துண்டு மீன் வைத்து, இதைச் சாப்பிட்ட பின் சோறும் வைத்தால் என்ன ஆகும்? கிழங்கு 150 கிராம், மீன் 200 கிராம், அன்று அந்த வேளைக்குச் சோறு இல்லை என்று தட்டைத் திருப்பிப் போடுங்கள்.

கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருள் இயற்கையாகவே இருக்கிறது, கசப்பு வகையில் கூடுதல். சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு முறை தண்ணீர் மாற்றும் பழக்கம் காரணமில்லாமல் வந்ததல்ல. குக்கரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வற்ற விடுவது வேண்டாம். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் தினமும் கிழங்கு தின்னாமல், அயோடின் உப்பு பயன்படுத்துவது நல்லது.

ராத்திரி சோறு தின்னா கொழுப்பாயிருமா? சம்பா அரிசின்னா பரவால்லயா?

மணி பார்த்துக் கொழுப்பு ஏறாது. நாள் மொத்தக் கலோரிதான் கணக்கு. வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, சிவப்புச் சம்பாவும் ஏறக்குறைய அதே. சம்பாவில் தவிடு ஒட்டியிருப்பதால் நார் கொஞ்சம் கூடுதல், பசி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. வெந்த சோறு 200 கிராம் என்பது சாதாரண கிண்ணம் ஒன்றரை. ஒரு முறை நிறுத்து, அந்தக் கிண்ணத்தை உங்களுடையதாக ஒதுக்கிவிடுங்கள்.

தேங்காயெண்ணெய் கொழுப்பைக் கரைக்கும்னு வீடியோ பாத்தேன். அப்ப நிறைய சேர்க்கலாம்தானே?

கரைக்காது. அந்த வீடியோக்கள் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு என்று தனியாகப் பிரித்தெடுத்த எண்ணெயைப் பற்றிய செய்தியைத் தேங்காயெண்ணெய் மேல் ஏற்றுகின்றன. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். குடல் அதைப் பெரும்பாலும் மற்றக் கொழுப்பைப் போலத்தான் உறிஞ்சுகிறது. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக இருப்பதால் கெட்ட கொலஸ்ட்ராலையும் ஏற்றும்.

இந்தப் பக்கத்தில் எடை குறையாத பலருக்குக் காரணம் சோறு அல்ல, தேங்காய்தான். காலையில் புட்டுக்குள், மதியம் குழம்பில், அவியலில், தோரனில், சாயங்காலம் பலகாரத்தில் என்று யாரும் எண்ணாமலே உள்ளே போகிறது. துருவிய தேங்காய் 100 கிராம் 354 கலோரி. ஒரு முழுத் தேங்காயை நாலு பேர் ஒரு நாளில் முடித்தால், தலைக்கு 250 முதல் 300 கலோரி ஆகிவிடும். நிறுத்த வேண்டாம், உங்கள் பங்கு ஒரு நாளைக்கு 30 கிராம் தேங்காய், மூன்று டீஸ்பூன் எண்ணெய் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். இதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். சமைப்பவர் ஒத்துழைக்காமல் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது.

ஒரு நாள் முழுசும் எப்படிச் சாப்பிடணும்னு ஒரு மாதிரி காட்ட முடியுமா?

மேலே சொன்ன 78 கிலோ பையனுக்கு, 1,950 கலோரி, 125 கிராம் புரதம். காலையில் 60 கிராம் அரிசி மாவில் புட்டு, தேங்காய் 15 கிராம் மட்டும், 50 கிராம் சிறுபயறு வேக வைத்தது, இரண்டு அவித்த முட்டை: 580 கலோரி, 28 கிராம். மதியம் வெந்த சம்பா சோறு 200 கிராம், 175 கிராம் சூரை மீன் குழம்பு, ஏதாவது ஒரு தோரன்: 650 கலோரி, 48 கிராம். ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன் சின்ன ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) ஒன்று, சீனி போடாத பால் 250 மில்லி: 270 கலோரி, 9 கிராம். ராத்திரி 150 கிராம் எலும்பில்லாக் கோழி ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வதக்கியது, ஒரு முட்டை, 100 கிராம் கிழங்கு: 455 கலோரி, 40 கிராம். கீரை, வெள்ளரி, முட்டைக்கோஸ் வயிறு நிறையத் தின்னலாம்.

சாயாவை இதில் சேர்க்கவில்லை. இரண்டு டீஸ்பூன் சீனி போட்ட ஒரு கிளாஸ் பால் சாயா 70 முதல் 90 கலோரி. கடையில் உட்கார்ந்து நாளைக்கு ஐந்து குடித்தால் உங்கள் 400 கலோரிக் குறைப்பு அங்கேயே முடிந்தது.

முட்டை மஞ்சக்கரு தின்னலாமா? பச்சையா குடிச்சா சத்து கூடுதலா?

ஆரோக்கியமானவர் நாளைக்கு இரண்டு மூன்று முழு முட்டை தின்னலாம். கொலஸ்ட்ரால் கூடுதல், இதய நோய், சர்க்கரை இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. பச்சை முட்டை வேண்டவே வேண்டாம்: வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் செரிக்கும், பச்சையில் பாதிதான். சால்மொனெல்லா கிருமித் தொல்லை வேறு.

விடியக்காலம் பால் வெட்டப் போறேன், வெறும் வயிறு. சாயங்காலம் ஜிம். எப்படிப் பிரிக்க?

போகும் முன் கருப்பட்டிக் காப்பியோடு ஒரு பழம், முடிந்தால் ஒரு அவித்த முட்டை. சரிவில் ஏறி இறங்கி முன்னூறு நானூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது நல்ல உழைப்பு. திரும்பி வந்ததும் முதல் பெரிய சாப்பாடு, அதில் 30 கிராம் புரதம். நடுப்பகலில் தூங்குங்கள், இது முக்கியம். ராத்திரி ஐந்து மணி நேரமே தூங்குபவருக்குப் பசியும் கூடும், தசையும் தேறாது. சாயங்காலம் ஜிம்முக்கு ஒரு மணி நேரம் முன் கிழங்கோ பழமோ, முடிந்தபின் ராத்திரிச் சாப்பாடு. உங்கள் கலோரிக் கணக்கை 1.55ஆல் பெருக்க மறக்காதீர்கள். உட்கார்ந்த வேலைக்காரனின் பட்டியலைப் பின்பற்றிச் சுருண்டு விழுபவர்கள் இந்த வேலைக்காரர்கள்தான்.

ஞாயித்துக்கிழமை மட்டும் பொரோட்டாவும் பீஃபும். ஒரு நாள்தானே?

கடைப் பொரோட்டா ஒன்று, எடையைப் பொறுத்து 250 முதல் 350 கலோரி. மூன்று பொரோட்டா, தேங்காய்க்கொத்து போட்ட பீஃப் வறுவல் ஒரு தட்டு என்றால் 1,300 தாண்டும். வாரம் முழுவதும் நீங்கள் சேர்த்த குறைப்பு 2,800தான். இரண்டு பொரோட்டாவாக்கி, பீஃபைக் கூட்டி, அன்றைய மற்ற இரண்டு வேளையை மீனும் காய்கறியுமாக முடித்துக்கொண்டால் எதுவும் கெடாது. மது கூடச் சேர்ந்தால் அதன் ஒவ்வொரு கிராமும் 7 கலோரி; கொறிப்பதற்கு வரும் ஏத்தங்காய் சிப்ஸ் நூறு கிராம் 500க்கு மேல்.

மார்த்தாண்டம் தேனை வெந்நீர்ல குடிச்சா வயிறு குறையுமா?

குறையாது. தேன் நல்ல தேன்தான். ஆனால் ஒரு மேசைக்கரண்டி 60 கலோரி. சீனிக்குப் பதிலாக என்றால் சரி, கூடுதலாக என்றால் ஏறும்.

மீன்பிடித் தடைக்காலத்துல மீனுக்கு எங்க போக?

மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளத்து மீன் வரும், ஆனால் வரத்து குறைந்து விலை ஏறும். அந்த இரண்டு மாதத்துக்கு முட்டை, கோழி, மீல்மேக்கர், சிறுபயறு என்று மாறிக்கொள்ளுங்கள். உப்பில்லாமல் காயவைத்த நெத்திலிக் கருவாடு நல்ல கைத்துணை: 30 கிராமிலேயே 15 கிராமுக்கு மேல் புரதம். உப்புக் கருவாடு என்றால் ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிருங்கள். மறுநாள் எடை ஒரு கிலோ கூடிக் காட்டினால் அது உப்பு பிடித்துவைத்த நீர், கொழுப்பல்ல.

ஐயப்பனுக்கு மாலை போட்டா 41 நாள் மீன், முட்டை இல்ல. கட்டின உடம்பு கரைஞ்சிருமா?

கரையாது, எடை தூக்குவதை நிறுத்தாமல் இருந்தால். இந்தப் பட்டியலைப் பாருங்கள்: மீல்மேக்கர் 50 கிராம் (26), சிறுபயறு 50 (12), கொண்டைக்கடலை 50 (10), பால் அரை லிட்டர் (16), தயிர் 300 கிராம் (10), பனீர் 100 (18), நிலக்கடலை 30 (8), பாலிலிருந்தே எடுக்கும் வே பவுடர் ஒரு கரண்டி (24). மொத்தம் 124 கிராம்.

சிக்கல் எங்கே என்றால், இதெல்லாம் சேர்ந்தே 1,550 கலோரி ஆகிவிடும். மீனில் புரதம் தனியாக வரும். பயறிலும் பனீரிலும் மாவோ கொழுப்போ கூடவே வரும். ஆகவே சோறும் புட்டும் இந்த 41 நாளும் 400 கலோரிக்குள் நிற்க வேண்டும். அது முடியவில்லை என்றால், விரதக் காலத்தில் எடை குறைப்பதை விட்டு, இருக்கிற எடையைக் காப்பாற்றினால் போதும். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை பிழிந்தால் பச்சை வாடை போகும். பயறும் சோறும் ஒரே நாளில் இருக்கட்டும். அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் கூறு) பயறும், பயறில் குறைவான மெத்தியோனின் என்ற கூறை அரிசியும் ஈடுகட்டும். கஞ்சியும் பயறும் என்ற பழைய கூட்டு இந்தக் கணக்கில் சரியாகவே உட்காருகிறது. தவக்காலத்தில் இறைச்சி விடுபவர்களுக்கும் இதே வழிதான், அவர்கள் மீன் தின்றால் வேலை இன்னும் எளிது.

எவ்வளவு தின்னாலும் ஏறல்ல, 52 கிலோதான். என்ன செய்ய?

மூன்று நாள் தின்றதையெல்லாம் எழுதுங்கள். "எவ்வளவு தின்னாலும்" என்பது அநேகமாக ஒரு வேளை நிறையத் தின்று இரண்டு வேளை விட்டதாக இருக்கும். உங்கள் செலவுக்கு மேல் 300 கலோரி கூட்டுங்கள். மற்றவர்களை எச்சரித்த தேங்காயும் நிலக்கடலையும் இங்கே உங்கள் கூட்டாளிகள். ஒரு டம்ளர் பால், இரண்டு மட்டிப்பழம் (2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பழம்), ஒரு கைப்பிடி கடலை, மூன்றையும் அரைத்துக் குடித்தால் 450 கலோரி பக்கம் வரும், வயிறும் அடைக்காது. மாதம் அரை முதல் ஒரு கிலோ ஏறினால் சரியான வேகம். மூன்று கிலோ ஏறினால் அதில் பாதிக்கு மேல் கொழுப்பு. காரணமில்லாமல் எடை குறைந்துகொண்டே போனால் சாப்பாட்டை விட்டு முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

ஆறு கிலோ குறைஞ்சுது, இப்ப ஒரு மாசமா அசையல்ல.

முதலில், உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று பாருங்கள். தினமும் காலையில், கழிவறைக்குப் போய் வந்தபின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எடுத்து, அதை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். எடை நின்றும் இடுப்பு குறைந்தால் தசை ஏறுகிறது, கவலை இல்லை.

இரண்டும் நின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஆறு கிலோ குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு, பழைய எண் இனிப் பொருந்தாது. புது எடையில் சூத்திரத்தைத் திரும்பப் போடுங்கள். அடுத்தது, தராசை ஓரம் வைத்து கண் அளவுக்கு வந்திருப்பீர்கள். கரண்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியிருக்கும். ஒரு வாரம் மறுபடி நிறுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 150 கலோரி மட்டும் குறைத்து, தினம் அரை மணி நேரம் கூடுதலாக நடங்கள். புரதத்தில் கை வைக்காதீர்கள்.

பவுடர், கிரியாட்டின் எல்லாம் கிட்னியைக் கெடுக்குமா?

சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு மேலே சொன்ன அளவுப் புரதம் அதைக் கெடுத்ததாகச் சான்று இல்லை. ஏற்கெனவே பாதிப்பு இருப்பவருக்குக் கெடுதல்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் என்றால் தொடங்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரக நிலையைக் காட்டும் ரத்த அளவு, கிரியாட்டின் பவுடர் அல்ல) பரிசோதனையும் சிறுநீர் அல்புமின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். யூரிக் அமிலம் கூடுதல் என்றால் சாளையும் நெத்திலியும் குறையணும், முட்டையும் பாலும் கூடணும்.

வே பவுடர் என்பது பால் புரதம்தான், மருந்தல்ல. மீனும் முட்டையும் கிடைக்கும் வீட்டில் கட்டாயமில்லை. வாங்கினால் 30 கிராமில் 24 பக்கம் புரதம் உள்ளதா, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் உள்ளதா, பட்டியலில் கிளைசின், டாரின் என்று மலிவான அமினோ அமிலம் தனியாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்திருந்தால் எண்ணை ஏற்றிக் காட்டும் வேலை அது. கிரியாட்டின் மோனோஹைட்ரேட் என்ற பொடி நாளைக்கு 3 முதல் 5 கிராம் பலத்தைக் கூட்டும். தசைக்குள் நீர் சேர்வதால் முதல் வாரம் எடை ஒரு கிலோ ஏறலாம். ரத்தத்தில் கிரியாட்டினின் எண்ணும் சற்றுக் கூடிக் காட்டும். பரிசோதனை எடுக்கும்போது இதைச் சாப்பிடுவதாக மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பொம்பளைங்க வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிருவோமாக்கா?

ஆகமாட்டீர்கள். பெரிய தசைக்கு வேண்டிய டெஸ்டோஸ்டெரோன் பெண் உடலில் மிகக் குறைவு. புரதக் கணக்கு கிலோவுக்கு அதேதான். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து: பெண்ணுக்கு நாளைக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19 என்பது 2020 பரிந்துரை. முருங்கைக்கீரையும் பயறும் தின்னும்போது எலுமிச்சை பிழியுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குச் சாயா வேண்டாம். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் கலோரி குறைக்கும் பேச்சே வேண்டாம். குடும்பத்தில் எல்லோரும் தின்றபின் மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறதே, புரதக் குறை அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் மீன் துண்டை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கேன். இந்தச் சாப்பாடு எனக்குப் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். இன்சுலின், கிளிமிபிரைட் போன்றவற்றை எடுப்பவர் திடீரென்று சோறும் கிழங்கும் குறைத்து எடையும் தூக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கலாம். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டி வரும், அதை அவர்தான் செய்யணும். ஜிம் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும்.

மூணு மாசத்துல உடம்பு வர ஊசி போடலாம்னு சொல்றாங்க.

போடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி வெளியிலிருந்து ஹார்மோனைக் கொட்டுவதால் விதைப்பை தன் உற்பத்தியை நிறுத்தும், விந்தணு குறையும், ரத்தம் தடிக்கும், இதயத் தசை தடிக்கும். ஊசி நின்றால் ஏறியதில் பெரும்பகுதி இறங்கும். இருபது வயதுப் பையன்களுக்கு இதை விற்பவர்களை நம்பாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் மறைக்காமல் ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். பலருக்குச் சரியாகும், ஆனால் மாதங்கள் ஆகும்.

அடுத்த மாசம் கல்ஃப் போறேன். கேம்ப்ல இதெல்லாம் எப்படி?

அங்கே மெஸ்ஸில் சோறும் குபூஸும் (அரபு ரொட்டி) அளவில்லாமல் கிடைக்கும். குறைவது புரதமும் காய்கறியும். தண்ணீர் வடித்த டின் சூரை மீன் 100 கிராமில் 25 கிராம் புரதம். எண்ணெய் டின்னை விட்டு, தண்ணீரில் போட்டதை வாங்குங்கள். லபன் (அங்கத்து மோர்) அரை லிட்டரில் 15 கிராம் பக்கம். தோலோடு சுட்ட கோழி வாங்கினால் தோலை உரியுங்கள், மயோனைஸ் கிண்ணத்தைத் தள்ளி வையுங்கள். ஒரு மின்சாரக் கெட்டில் இருந்தால் முட்டை அவியும். ராத்திரி ஊறப்போட்ட சிறுபயறு ஃபிளாஸ்கில் கொதிநீர் ஊற்றி மூடினால் மென்மையாகிவிடும். வெயிலில் வேலை என்றால் கோடைக்காலத்தில் கலோரி குறைக்காதீர்கள். தண்ணீரும் உப்பும் முதலில். எடை குறைப்பதை நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.